நாற்பது விநாடி

விடிகாலை நாலு பத்துக்குக் காற்று
எங்கோ ஒரு கம்பியை அறுத்தது.
புன்டா அரேனாஸில் இதெல்லாம் செய்தி இல்லை.
பதினேழு நிமிடத்தில் கரண்ட் வந்தது,
சர்வர் எழுந்தது,
டிக்கெட் மட்டும் எழவில்லை.

ஐந்தே முக்காலுக்கு யாஸ்னா போன் செய்தாள்:
"மிலென்கா, திரை வெள்ளையாக நிற்கிறது.
ரோமம் கத்தரிக்கிற கூட்டம் ஒன்று
தீவுக்குப் போக வந்திருக்கிறது.
இருபத்திரண்டு பேர், ஒரு நாய்.
நாய்க்கு டிக்கெட் உண்டா?"

ஈரத் தலையோடு உட்கார்ந்து
ஸ்டார்ட் என்று தட்டினேன்.
ஜாவா சோம்பல் முறித்து எழுந்து
ஒன்றுமே நடக்காததுபோல
தன் போர்ட்டில் வந்து நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம்.
புத்தி கேட்கவில்லை, மறுபடி ரீபூட் செய்தேன்.
"வந்தது, போய்விட்டது!" என்று கத்தினாள் யாஸ்னா.

நான் எழுப்பினால் எழுகிறது.
தானாக எழு என்றால் மாட்டேன் என்கிறது.

பாதையைச் சந்தேகப்பட்டேன். சரியாக இருந்தது.
அனுமதிகளை. அவையும்.
செத்துப்போன ப்ராசஸின் எண்ணைப்
பத்திரமாக வைத்திருந்தது ஒரு சின்னக் கோப்பு;
அந்த எண்ணில் இப்போது
வேறெதுவோ உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.
அழித்தேன். குற்றவாளி அதுவும் இல்லை.

பிறகுதான் லாகைத் திறந்தேன்.
முந்நூறு வரி, படிக்கட்டில் உருண்டு விழுகிற மாதிரி.
அடிப்படியில் ஒரே ஒரு வாக்கியம்:
டேட்டாபேஸ் கதவைத் திறக்கவில்லை.

திறந்திருக்கிறது,
இருபத்தொன்பது விநாடி கழித்து.
அதற்குள் இது தட்டிப் பார்த்துச் செத்துவிட்டது.

அந்த ஸ்கிரிப்டில் முன்பு ஒரு வரி இருந்தது:
ஸ்லீப் நாற்பது.
ஒஸ்வால்டோ பார்ரியா எழுதியது.
ஏன் என்று எழுதாமல்
அன்டோஃபகஸ்டா சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.
மார்ச் மாதம் ஒருவர் அதை அழித்து
"தேவையற்ற தாமதம் நீக்கப்பட்டது" என்று
குறிப்பும் எழுதியிருக்கிறார்.
கீழே என் பெயர்.

ஒன்பது மாதம் எதுவும் விழவில்லை,
என் கெட்டிக்காரத்தனமும் வெளியே தெரியவில்லை.

உறங்கச் சொல்லவில்லை இம்முறை.
தட்டு, திறக்காவிட்டால் இரண்டு விநாடி பொறு,
மறுபடி தட்டு என்று எழுதினேன்.
மேலே, ஹாஷ் போட்டு, காரணம்.

படகு ஒன்பதுக்கே போய்விட்டது.
யாஸ்னா கைப்பட எழுதிய சீட்டுகளை
ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
இருபத்து மூன்றாவது:
"பெயர் துர்கோ. கட்டணம் கேட்டுச் சொல்கிறேன்."

ஒஸ்வால்டோவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
அது ஏன் நாற்பது?

மத்தியானம் பதில் வந்தது.
முப்பது போதவில்லை.