கேட்காத தண்ணீர்

மேசைமேல் கொருக்குப்பேட்டை
ஒரு சாம்பல்நிறக் கோடாகக் கிடக்கிறது.
இருபத்தைந்து வருடம் கழித்து
இங்கே எத்தனை பேர்
எத்தனை குடம் கேட்பார்கள் என்று
மார்ச் முடிவதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.
சொன்னால் குழாயின் விட்டம் முடிவாகும்:
நூற்றைம்பதா, இருநூறா,
மில்லிமீட்டரில்.

சூத்திரம் எளிது.
போன பத்து வருடச் செலவின்
நுனியைப் பிடித்து முன்னால் இழு.
இழுத்தேன்.
தலைக்கு நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு.
அண்ணா நகரில் மாடிப்படி ஏறுகிற கோடு
இங்கே பாய் விரித்துப் படுத்திருந்தது.
"ரொம்ப சிக்கனமான ஏரியா மேடம்"
என்றார் தணிகைவேல்,
நிஜமாகவே மெச்சி.

சனிக்கிழமை நேரில் போனேன்.
கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் மூடியிருந்தது.
இந்தப் பக்கம் காலிக் குடங்கள்,
பச்சை, ஊதா, கைப்பிடி உடைந்த ஒரு ஆரஞ்சு.
அந்தப் பக்கம் தண்ணி லாரி.
நாற்பத்தெட்டு வேகன் எண்ணினேன்.
கேட் தூக்கியபோது லாரி போய்விட்டிருந்தது.
என் அட்டவணையில் இது
அன்றைக்கு அந்தத் தெருவுக்குத்
தேவை குறைவு என்று ஏறும்.

ஏகவல்லி வீட்டில்
அடிபம்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே.
கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது.
விடிகாலை மூன்றரைக்கு வரும்,
ஒருநாள் விட்டு ஒருநாள்,
முதல் ரெண்டு குடம் துரு.
"ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்மா?"
"ஏழு கொடம்."
"போதுமா?"
"வர்றது ஏழு கொடம்.
போதுமான்னு இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."

அப்புறம் தானாகவே சொன்னாள்,
அரிசி புடைத்துக்கொண்டே.
காசிமேட்டு ஏலத்துக்குப் போகும் நாளில்
சாயங்காலம் வரை தண்ணீர் வாயில் படுவதில்லை,
அங்கே எங்கே போய் ஒதுங்குவது.
பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டைக்கு
மூன்று நாளைக்கு ஒரு தோய்ப்பு.
சம்பந்தி வீட்டார் வருகிறோம் என்றதற்கு
"லைன்ல தண்ணி பாத்துட்டுச் சொல்றேன்"
என்று சொல்லி
ஐந்து மாதம் ஆகிறது.

குடிக்காத சொம்பு,
தோய்க்காத சட்டை,
வராத சம்பந்தி.
எந்த மீட்டரும் இதற்காக ஒருமுறை சுற்றவில்லை.
என் படிவத்தில் இதற்குக் கட்டமும் இல்லை.
நாமே வால்வை முக்கால் மூடிவிட்டு
நாமே அளந்து
நாமே எழுதிக்கொண்டோம்
இவர்களுக்குத் தாகம் கம்மி என்று.
இப்போது அந்தத் தாகத்தின் அளவுக்கே
ஒரு குழாய் புதைக்கப் போகிறோம்,
அதற்கு ஆயுள் அறுபது வருடம்.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டை அடித்துவிட்டு
நூற்று முப்பத்தைந்து என்று போட்டேன்.
படுத்திருந்த கோடு எழுந்து உட்கார்ந்தது.
தணிகைவேல் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
செயற்பொறியாளர் ஓரத்தில்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
ஆதாரம்?

மூன்று தடவை எழுதி அழித்தேன்.
கடைசியில் இவ்வளவுதான் நின்றது:
சனிக்கிழமை காலை, களஆய்வு, ஒரு வீடு.
கேட்காமலேயே எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.
முழுவதும் குடித்துவிட்டேன்.
சுமார் இருநூறு மில்லி.
அன்றைய ஏழு குடத்தில்
அதைக் கழித்துக்கொள்ளவும்.