பிரிபடாத சரிபாதி

மஞ்சள் கடுதாசி என்று ஊர் சொல்லும்.
எனக்கு வந்தது வெள்ளைத்தாள்,
தேவகோட்டை சார்பு நீதிமன்றத்தின் வட்ட முத்திரை.
தபால்காரர் பேனாவை நீட்டியபடி
"ஐயா இருக்காங்களா?" என்றார்.
ஐயா போய் மூன்று வருஷம்.
கதவு எண்ணில் மட்டும் இன்னும் குடியிருக்கிறார்.

புதுவயலில் ஆலை. நெல் வாங்கியதில் கடன்,
கடனை அடைக்க லாரி,
லாரி மேல் இன்னொரு கடன்.
தண்ணீர்மலை ஐ.பி. கொடுத்துவிட்டாராம்.
இனி யாரும் அவரைத் தொட முடியாது.
வீட்டைத் தொடலாம்.

கல்யாணமான மறுவருஷம் எங்களை வேறு வைத்தார்கள்:
தனி அடுப்பு, தனி உலை,
பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு மூலை.
புகை மட்டும் பொது.
பிறகுதான் கழனிவாசலில் மூன்றேகால் சென்ட்.
"ஆச்சி பேரும் சேர்ந்தா வட்டி கொஞ்சம் குறையும்"
என்றார் வங்கி மேலாளர்.
அந்தக் கொஞ்சத்தில்தான்
நான் வீட்டுக்காரி ஆனேன்.
ஆத்தங்குடிக் கல் பதிக்கக் காசு பற்றவில்லை.
சாமி அறைக்கு மட்டும் எட்டுக் கல்.

பிரிந்தபோது எழுதிக்கொண்டோம்:
தவணை நான் கட்டுவது,
தன் பாதியை அவர் எனக்கு விட்டுத்தருவது.
நீதிபதி படித்தார். தலையசைத்தோம்.
இரண்டு தலையும் ஒரே பக்கம் அசைந்தது
அன்றுதான்.

அதைப் பதிய வேண்டும் என்றார்
பத்திர எழுத்தர் ஏகப்பன்.
அந்தக் காகிதத்துக்குப் பெயர்
விடுதலைப் பத்திரம்.
"புருஷன் பொண்டாட்டியா இருந்தப்பவே எழுதியிருந்தா
கொஞ்சத்துல முடிஞ்சிருக்கும் ஆச்சி.
இப்ப நீங்க குடும்பமில்ல.
முத்திரைத் தீர்வை ஏறும்."
எவ்வளவு ஏறும் என்று
வெற்றிலைக் கறை பட்ட துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்.
என் நாலு மாதச் சம்பளம்.
தை பிறக்கட்டும் என்றேன்.
ஒரு தையில் மகளின் கல்லூரிக் கட்டணம்.
மறு தையில் மாடி ஒழுகல்.
விவாகம் ரத்தாகி
விடுதலை பதிவாகாமல் கிடந்தது.

அமீனா டேப் கொண்டுவந்தார்.
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை,
நான்தான் பிடித்தேன்.
"இதுல அவர் பாதி எது?"
"பிரிபடாத பாதிம்மா.
இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இல்ல.
ஒவ்வொரு செங்கல்லுலயும் பாதி."

அன்றிரவு சமையலறைக் குழாய் சொட்டியது.
ஒரு சொட்டு எனக்கு
ஒரு சொட்டு கடன்காரருக்கு என்று
எண்ணத் தொடங்கி நிறுத்தினேன்.
கணக்கு அப்படியில்லையே.
ஒவ்வொரு சொட்டிலும்.

தம்பதி என்றால் ஒரு புள்ளி.
புருஷன் செத்தவள் அரைப்புள்ளி.
எனக்கு என்ன போடுவதென்று
கோயில் கணக்கர் பேனாவைக் கடிக்கிறார்.
நீதிமன்றத்துக்கு அந்தக் குழப்பமில்லை:
கடன்காரர் பட்டியலில் பதினாலாம் எண்,
உண்ணாமலை, ஜீவனாம்ச பாக்கி, ஈடு ஏதுமில்லை.
என் வீட்டின் பாதியை விற்று வரும் காசுக்கு
நெல் தரகருக்கும் டீசல் பங்குக்கும் பின்னால்
வரிசையில் நானும்.

வேண்டுமானால் நீங்களே ஏலம் கேட்கலாம்
என்கிறார் வக்கீல்.
கேட்பேன்.
பெட்டிக்குள் கிடக்கும் கழுத்துருவை அழித்து
என் அடுப்படிக்கு
நானே விலை கூப்பிடுவேன்.
அடுத்தவன் எடுத்துவிட்டால்?
யாரோ ஒருவர் என்னோடு
ஒவ்வொரு செங்கல்லிலும் குடியிருப்பார்.
வேறு வைக்க
அப்போது யாரைக் கூப்பிடுவது?

வாய்தா அன்று வராந்தாவில் நின்றார்.
சட்டை அவருக்குப் பெரிதாகியிருந்தது.
"மோட்டார் ஓடுதா?"
"காயில் எரிஞ்சு போச்சு. மாத்தினேன்.
நாலாயிரத்து இருநூறு."
பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போன கை
அங்கேயே நின்றது.
"அதுல பாதி..." என்றார்.

டவாலி எங்கள் இருவர் பெயரையும்
சேர்த்தே கூப்பிட்டார்.