பதினொரு யூரோ

நேஜா போய் ஒன்பதாம் நாள்
டிப்போவிலிருந்து வந்தவன்
சீருடையைக் கழற்றாமலே
அவள் மடிக்கணினி முன் உட்கார்ந்தேன்.
கடவுச்சொல்லைச் சின்னவள் திங்காரா
தூக்கத்திலேயே சொன்னாள்.

முந்நூறு யூரோதான் கேட்டிருந்தாள்,
பார்வையற்றவருக்கு வழிகாட்டப் பழகும்
ஏதோ ஒரு நாய்க்குட்டியின் தீனிக்கு.
அவள் இருந்தவரை சேர்ந்தது நாற்பத்தொன்று.
இப்போது பத்தொன்பதாயிரம்.
எண்ணி முடிக்குமுன் இன்னொன்று விழுகிறது.

ஒசாகாவிலிருந்து ஆறு.
மோன்டெவிடியோவிலிருந்து இரண்டரை:
'ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை
எனக்காக டிரா செய்தாள்.'
பெர்கனில் ஒரு நர்ஸ்:
'இரவுப் பணியில், மூன்று மணிக்கு,
என்னோடு விழித்திருந்தவள்.'

மூன்று மணி.
அந்நேரம்தான் நான் கதவைத் தட்டுவேன்.
முகம் தெரியாத பயல்களோடு
என்னடி சதுரங்கம் என்று
மோடத்தைப் பிடுங்கிக்கொண்டு வேலைக்குப் போவேன்.
ஒருநாள்
டிராவா ஆற்றுப் பாலம் தாண்டும்வரை
அது என் மடியில் சூடாகவே இருந்தது.

நானும் போட்டேன், பதினொரு யூரோ.
பெயர் கேட்டது.
விங்கோ என்று தட்டி, அழித்தேன்.
உறவு கேட்டது.
கட்டத்துக்குள் ஒரு கோடு
தோன்றித் தோன்றி மறைந்தது.
வெறுமையாகவே அனுப்பிவிட்டேன்.

ஒரு நிமிடம் ஆகியிருக்காது.
யாரோ, எங்கிருந்தோ:
'நன்றி நண்பரே,
உங்களோடும் ஆடியிருக்கிறாளா?'

ஐந்து நாற்பதுக்கு மாரிபோரின் முதல் பஸ்
என்னுடையது.
அதுவரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
குதிரை எப்படி நகரும் என்று
திங்காராவை எழுப்பிக் கேட்கலாமா
என்று யோசித்தபடி.