ஐஸுக்கான பெட்டி

வின்னிபெக்கிலிருந்து கிளீற்றஸ் அனுப்பிய பெட்டியின் மேல்
ஒரு வெள்ளைக்காரன்
உறைந்த ஏரி நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.
கம்பளித் தொப்பி. காலடியில்
தோசைக்கல் அகலத்துக்கு ஓர் ஓட்டை.
ஓட்டைக்குள் ஒயர்.
"சும்மா வந்ததுதானே, கெட்டிப் பாப்போம்" என்றார் தனிஸ்லாஸ்.

நீரோடியில் ஐஸ் என்றால்
கம்பெனி வண்டியில் வருவது,
கட்டி நூற்றிருபது ரூபாய்,
செத்த மீனுக்கு மேல் கொத்திப் போடுவது.
அங்கே உயிருள்ள மீனுக்கு
அதுதான் கூரையாம்.

நாலு நாள் வள்ளத்தில் கட்டிப் பார்த்தார்.
பத்துப் பாகம்வரை தரையைக் காட்டியது.
எழுபதில் வெறும் புழுதி.
"ஆழம் கூடினா இதுக்குக் கண்ணு அவியுது."

குழுவில் எடுத்த நாற்பதாயிரம்
என் கைப்பையில் இருக்க
பொழியூர் தாண்டி விழிஞ்ஞம் போனோம்.

"இது ஐஸினுள்ளதாணு, சேச்சி"
என்றார் கடைக்கார நிஸாம்.
இருநூறு என்று எழுதியிருந்தால்
டார்ச்சு வெளிச்சம்போல் ஒடுங்கி இறங்கும்,
பாதியில் களைத்துவிடும்.
ஐம்பது என்றால்
கவிழ்த்த குட்டைபோல் விரியும், ஆழம் போகும்.
கையை விரித்தும் குவித்தும் காட்டினார்.
நான் தலையாட்டினேன்.
பாதிதான் புரிந்தது.

சுவரில் பதினோரு பெட்டிகள்.
பதினொன்றிலும் ஒரே கடல்.
சொட்டுத் தண்ணீர் இல்லாத கடைக்குள்
வலப்பக்கம் முளைத்து இடப்பக்கம் மறையும்
வால் வைத்த மீன்கள்,
நர்சரிப் பிள்ளை வரைந்த மாதிரி.
எண்ணினேன்.
நாற்பத்தொன்று எண்ணும்போது
அதே தடித்த மீன் மறுபடி வந்தது.
பதினெட்டு வருஷம் கடலுக்குப் போன மனிதர்
அது வரும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மீனு இல்லேன்னா இதுல எப்பிடித் தெரியும்?"

நிஸாம் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார்.
"அது ஆரும் சோதிச்சிட்டில்ல."

கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது.
ஒரு போக்குக்கு நாற்பது லிட்டர் மண்ணெண்ணெய்.
இருக்கும் மீனால் எங்களுக்குக் கடன் வந்ததில்லை.
இருக்கலாம் என்ற மீனால்தான்
கம்மல் போயிற்று,
அதன்பின் கம்மல் மீட்க வைத்த வளையல்.

குனிந்து
கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார்.
கொச்சிப் போட்டில் ஓடியது, ஓரத்தில் கீறல்.
ஏதோ ஒரு பொத்தானை அமுக்கி
மீன் படத்தை அணைத்தார்.
வாலெல்லாம் போயிற்று.
நீலத்தில் அங்கங்கே மஞ்சளாய்
வெட்டிப் போட்ட நகத்துண்டு வளைவுகள்.
இதுதான் மீன் என்றார்.
குப்பைக்கும் சொறிக்கும்
வால் ஒட்டித் தராது.
பார் வந்தால் தரை தடித்துச் சிவக்கும்.
"ஒண்ணும் இல்லேன்னா?"
"நீலம்."
"நீலம் மட்டுமா?"
"நீலம் மாத்ரம்."

முப்பத்துமூன்று கேட்டார்.
ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு
இருபத்தொன்பதுக்கு இறங்கினார்.
கொடுக்கும் முன்
தனிஸ்லாஸ் அட்டைப்படத்தை ஒருதரம் பார்த்தார்:
"இவனுக்கு அண்ணைக்கு ஏதாவது கிட்டிச்சா என்னமோ."

சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு
போன் அடித்தது.
"நீலமாத்தான் கெடக்கு. திரும்புதோம்."
பாயில் கிடந்தபடியே
மிச்சமாகும் லிட்டரைக் கணக்குப் போட்டேன்.
வெளியே அலைச் சத்தம்.
போனுக்குள்ளும் அதே சத்தம்,
கொஞ்சம் பிந்தி.

"ஓரமா ஒரு நகம் மட்டும் வந்துட்டுப் போச்சு" என்றார்.
"ஒண்ணே ஒண்ணு. அந்தப் பக்கம் ஒரு எட்டு
பாத்துட்டு வரட்டா?"

நான் வாய் திறப்பதற்குள்
சிக்னல் போயிற்று.