அழித்ததற்கு அத்தாட்சி

களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு
இப்பால் மூணாவது ஷட்டர் எனக்க கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் மனு,
ரெண்டு மொழியிலும் போர்டு.
மலையாளத்தில் ஒரு சுழி குறைவென்று
பாறசாலைக்காரர்கள் நின்று சிரித்துவிட்டு
உள்ளே வருவார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் ஆதார் நகல்
ஏதோ கடன் கம்பெனியின் கையில் கிடைத்ததாம்.
அதில் நாற்பது பேர்
என் மெஷின் கண்ணாடிமேல்
முகம் கவிழ்த்து வைத்துப் போனவர்கள்.
அவ்வளவு போதுமாம்.

குழித்துறைக் கோர்ட்டுப் படியில் வைத்து
வக்கீல் ரசலையன் சொன்னார்:
"களவுக் கேசுன்னா அவங்க நிரூபிக்கணும், லில்லிபுஷ்பம்.
இந்தப் பிரிவு மறுபக்கமாத் தொறக்கிற கதவு.
கவனமாத்தான் இருந்தேன்னு
நீதான் காட்டணும்."

காட்டலாமே.
ராத்திரி எட்டரைக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
அன்றைய கோப்புகளை மொத்தமாக அழிப்பேன்.
குப்பைக்கூடையையும் காலி செய்வேன்.
'நிச்சயமாகவா?' என்று கேட்கும் திரை.
பதினோரு வருஷமாக
ஆம் என்றே சொல்லியிருக்கிறேன்.

"அழித்ததற்கு என்ன அத்தாட்சி?"
ஒன்றும் இல்லாததுதான் சார் அத்தாட்சி.
"அப்போ, ஒன்றும் இல்லை என்று
எழுதிக்கொள்ளட்டுமா?"

எதிர்க்கடை டென்னிசன் எதையும் அழிப்பதில்லை.
ஆறு வருஷத்து முகங்கள் அவனிடம் உண்டு,
தேதிவாரியாக.
கேட்ட அன்றே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.
ஒழுங்கான ஆள் என்று
இன்ஸ்பெக்டர் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

சாவடியில் ஏத்தன்குலை லாரி என்றால்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.
காலி வண்டியைத்தான்
அடியில் குனிந்து, பலகையைத் தட்டி,
ரொம்ப நேரம்.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.
ரசலையன் சொல்லி ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.
யாருடைய தாள், எதற்கு, எத்தனை மணிக்கு அழித்தது.
பக்கத்தில் போன் நம்பர், கையொப்பம்.

நேற்று பென்ஷன் தாளோடு வந்த வேலப்பன்,
பாறை உடைத்த கை,
பேனாவை வாங்கிக்கொண்டு
தன் வரிசையைத் தேடுகிறவர்போல
மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
மருமகள் பெயர். நகைக்கடன் மனு.
வியாழன், எட்டு முப்பத்தைந்து.

"இவ எதுக்குக் கடன் எடுக்கா?"

நோட்டை இழுத்து மூடினேன்.
பேனா அவர் கையிலேயே இருந்தது.