நூற்று அறுபத்து மூன்று மீட்டர்

ஜெயகௌரி,
உன் படங்கள் வந்தன.
பாதி மணிக்கூண்டு, பாதி பனிமலை,
நடுவில் நீ, மூக்கு மட்டும் தெரியும்படி.
அறுநூறு வருஷத்துப் பல்கலைக்கழகம் என்கிறாய்.
சைக்கிளை மிதித்தால்
பத்து நிமிஷத்தில் ஊர் முடிந்துவிடுகிறது,
அதற்கப்புறம் மலைதான் என்கிறாய்.
ரொட்டிக்கடைக்காரி உன் பெயரைக் கடித்துக் கடித்து
முக்கால்வாசி கற்றுக்கொண்டாளாம்.
கடைசியில் ஒரு கேள்வி, சிரிக்கிற பொம்மையோடு:
உன் மலை எப்படி இருக்கிறது?

இருக்கிறது.
நூற்று அறுபத்து மூன்று மீட்டர்.
உச்சிப் பாறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்,
வந்தவர்கள் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதென்று.
ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் நின்று படமெடுக்க வரிசை.
குரங்குகளுக்கு மட்டும் வரிசை கிடையாது.
போன வாரம் ஒன்று என் பொட்டலத்தைப் பிரித்து
வடையை விட்டுவிட்டுச்
சட்னியை எடுத்துக்கொண்டு போனது.

மலை என்று சொல்ல எனக்கே நாக்குக் கூசும்.
குன்று என்றால் அதற்கு வருத்தமாக இருக்கும்.
புக்கிட் என்று மலாயில் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.
நம் ஆட்களைப் பார்,
தாவரவியல் பூங்காவுக்கே
பூமலை என்று பேர் வைத்தவர்கள்.
ஏறினால் முழங்கால் கூடத் தெரியாது.
ஆனாலும் மலை.

அந்தப் பூமலையை ஒட்டிய பழைய வளாகத்தில்தான்
இன்னும் எனக்கு வேலை.
சிவப்பு ஓடு, வளைவு வளைவாகத் தாழ்வாரம்,
நடுவில் யாரும் மிதிக்காத புல்.
நூலகத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறோம்.
பல்கலைக்கழகம் இங்கே வாடகைக் குடித்தனம் மாதிரி,
கொஞ்ச வருஷத்துக்கொரு முறை
சட்டிபானையோடு கிளம்பிவிடும்.
இன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
ஒரு பழைய தீர்ப்புத் தொகுதிக்குள்
யாரோ மாணவன் வைத்த பேருந்துச் சீட்டு,
பத்துக் காசு.
பெட்டியில் போடவில்லை. என் பையில் இருக்கிறது.

உன் ஊரில் அறுநூறு வருஷமாக ஒரே கதவு.
தொட்டுத் தொட்டுப் பித்தளை தேய்ந்திருக்கும்.
பொறாமைதான், மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேள்.
என் மலைக்கு ஒரு விலா இல்லை.
கல் வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது,
வேலிக்குப் பின்னால், அசையாமல்.
வெட்டிய கல்லெல்லாம் எங்கே போயிருக்கும் என்று
அங்கே நிற்கும்போது யோசித்தேன்.
மழையில் நாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய
சாலைகளின் அடியில் கொஞ்சமாவது இருக்கும்.
மலையேறத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தோம்.
படுத்திருந்ததால் தெரியவில்லை.

அப்புறம், ஹோக் செங்.
என் புளோக்கில்தான் இருக்கிறார்,
பேருந்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.
டிசம்பரில் கினபாலு ஏறப் போகிறார்.
அதற்காக விடியற்காலையில்
முதுகுப்பையில் பத்துக் கிலோ தாய்லாந்து அரிசியோடு
மாடிப்படி ஏறுகிறார்.
இருபத்தைந்து மாடி. மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறி.
ஒருநாள் குப்பை போடப் போனபோது பிடித்துக் கேட்டேன்.
மூச்சு வாங்கிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து
கணக்கெழுதிய காகிதத்தை நீட்டினார்.
இரண்டு தடவை முழுசாக,
மூன்றாவது தடவை பதினோராம் மாடி:
புக்கிட் தீமா உச்சி.

ஜெயகௌரி,
பதினோராம் மாடி என் வீடு.

இப்போது ஐந்தேகாலுக்கே விழிப்பு வந்துவிடுகிறது.
முதலில் அரிசி குலுங்கும் சத்தம்,
பிறகு செருமல்,
பிறகு என் செருப்புகளைத் தாண்டி ஒரு நிழல்.
நேற்றுக் கதவைத் திறந்து
தண்ணீர் வேண்டுமா என்றேன்.
கையை ஆட்டினார், நிற்கவில்லை.
உச்சிக்கு மேலே
இன்னும் பதினான்கு மாடி இருக்கிறது.