தட்டிப் பார்ப்பவன்

பார்மாவுக்கு வெளியே, வயல் நடுவே எங்கள் கிடங்கு.
கூரை வரை அடுக்கிய சீஸ் சக்கரங்கள்,
ஒவ்வொன்றும் பன்னிரண்டு வயதுப் பையனின் கனம்.
என் வேலை சின்னச் சுத்தியலால் தட்டுவது,
காதைக் கொடுப்பது.
நல்லது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ‘தொம்’ என்னும்.
உள்ளே பொந்து விழுந்தது ‘தொங்’ என்று இழுக்கும்.
இழுத்தால், தோலைச் சுரண்டிப் பெயரை அழித்துவிடுவோம்.
முப்பத்தோரு வருடம்.
காய்ப்பு கையில் இல்லை, காதில்.

வெள்ளி இரவு அதே காதை எடுத்துக்கொண்டு
நாடக அரங்கின் நூற்றுப் பதினாறு படி ஏறுவேன்.
கீழே வெல்வெட், முத்துமாலை, அத்தர் வாசனை.
மேல்மாடத்தில் மர பெஞ்சு,
முழங்கால் முன்னவர் முதுகில்.
மீன்கடை இவோன்னே, பஸ் ஓட்டும் தெல்மோ,
மடியில் இசைத்தாள் விரித்து, டார்ச்சைக் கைக்குள் பொத்தி
சுரம் சுரமாய் விரல் நகர்த்தும் குமாஸ்தா ஸ்கரவெல்லி.
எங்கள் விசிலைப் பரிசென்று எண்ணிவிடாதீர்கள்.
இங்கே விசிலடித்தால்
காறி உமிழ்ந்ததாகப் பொருள்.

அன்றைக்குப் பாடியவன் எங்கள் ஊரான்,
எங்கள் தெருக்களுக்கு மின்கம்பி இழுத்த பாசினியின் மகன்.
மூன்று தேசத்தில் கைதட்டல் வாங்கி வந்தவன்.
“அங்கே கைதட்டினார்களாம்” என்றாள் இவோன்னே,
“அங்கே பாஸ்தாவில் க்ரீம்கூட ஊற்றுவார்கள்.”

இரண்டாம் அங்கம். குரல் பளிங்காய் இருந்தபோதே
எனக்குக் கேட்டுவிட்டது:
ஒரு தாழ்ந்த சுரத்தின் அடியில்
நகக்கண் அளவு ‘தொங்’.
யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் அங்கம், கப்பல் புறப்படும் காட்சி.
உச்சியில் நிற்க வேண்டிய சுரம் உடைந்தது,
மாடிப்படியில் நழுவிய பீங்கான் தட்டுபோல.

விசில். விசில். தரையில் கால் உதை.
இவோன்னே டிக்கெட்டைக் கிழித்துத் தூவினாள்.
தெல்மோ எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு
அந்த வரியை முழுதாய், சரியாய்,
பஸ்காரத் தொண்டையால் பாடிக் காட்டினான்.
வாத்தியங்கள் நின்றன.
பாசினி மகன் நிமிர்ந்தான்.
விளக்குக் கூச்சத்தில் நாங்கள் அவனுக்கு வெறும் இருட்டு.
யாரையும் கேட்காமல் அதே வரியை மறுபடி எடுத்தான்.
உச்சிக்குப் போகவில்லை.
உடைந்த இடத்திலேயே நின்று, மெல்ல, முடித்தான்.
‘தொங்’ இப்போது கடைசி பெஞ்சுக்கும் கேட்டது.

நான் விரலை வாயில் வைக்கவில்லை.
சீஸில் பொந்து இருந்தால் கழிவு.
வயலினில் பொந்து இல்லாவிட்டால் விறகு.
இந்தச் சுத்தியலை எங்கே வைத்துவிட்டு வர வேண்டும் என்று
முப்பத்தோரு வருடத்தில் நான் யோசித்ததில்லை.

கைதட்டல் இல்லை. விசிலும் இல்லை.
ஸ்கரவெல்லி இருமினார், அவ்வளவுதான்.

சனிக்கிழமைச் சந்தையில் அவனைப் பார்த்தேன்,
கழுத்தைச் சுற்றி மப்ளர், அரைக் கிலோ நெத்திலி.
இவோன்னே முகம் கொடுக்காமல் நிறுத்தாள்.
முள் நின்ற பிறகும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.
“அந்த இடம் வருவதற்கு முன்னாடியே மூச்செடு” என்றாள்.
“செவ்வாய்க்கிழமையும் வருவேன்.”
“விசிலோடா?”
“அது உன் தொண்டையைப் பொறுத்தது.”
மீனைச் சுற்றச் செய்தித்தாளை இழுத்தாள்,
மேலே இருந்த பக்கத்தைப் பார்த்தாள்,
அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டு
கால்பந்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள்.